ஏற்றம், இறக்கம், திருப்பம்: பேட்டரி வீல்சேர் தடுமாறினால் முதலில் எதைப் பார்ப்பது?

என் தங்கை பேட்டரி வீல்சேரில் போகத் தொடங்கி 9 ஆண்டுகள் ஆகின்றன. நான் மோட்டார் காயில் கட்டும் வேலை பார்ப்பவன் என்பதால், வண்டி எங்கே மக்கர் செய்தாலும் "அண்ணா, கொஞ்சம் பாருங்க" என்று என்னிடம்தான் வரும். அப்புறம் எங்கள் தெருப் பெரியவர் ஒருவரின் வண்டி வந்தது. அவர் சொல்லி இன்னும் நாலைந்து வண்டிகள் வந்தன. வண்டிகள் வேறு வேறு என்றாலும் புகார்கள் திரும்பத் திரும்ப அதேதான்: ஏறும்போது தூக்குகிறது, இறங்கும்போது ஓடுகிறது, திரும்பும்போது இடிக்கிறது.

கன்ட்ரோலரையோ (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மோட்டாரையோ மாற்ற வேண்டியிருந்தது மிகச் சில முறைதான். மற்றதெல்லாம் டயர் காற்று, பின்னால் தொங்கிய பை, சின்னச் சக்கரத்தில் சுற்றிய முடி, மேஸ்திரி அவசரத்தில் போட்ட சாய்தளம் ஆகியவற்றிலேயே முடிந்தது. ஆகவே ஒவ்வொரு புகாருக்கும் காசு செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறேன்.

ஓட்டிப் பார்க்கும் சோதனை தவிர மற்றவற்றில் ஆளை இறக்கிவிடுங்கள். சாவியை அணையுங்கள். உள்ளே கையை விட்டுச் செய்யும் வேலை என்றால் பேட்டரி இணைப்பையும் கழற்றுங்கள். கையில் இருக்க வேண்டியவை: காற்று அளக்கும் கருவி, மல்டிமீட்டர், அளவு நாடா, ஒரு சாக்பீஸ்.

## ஏறும்போது முன்பக்கம் தூக்குகிறது

எல்லாவற்றிலும் அதிகம் பயப்பட வைப்பது இதுதான். பின்னால் பெரிய சக்கரம் உள்ள வண்டிகளில்தான் அதிகம் வரும்.

முதலில் கைப்பிடியில் தொங்கும் பையைப் பாருங்கள். சாப்பாட்டுப் பை, 2 லிட்டர் தண்ணீர் பாட்டில், சார்ஜர் எல்லாம் சேர்த்து 5 கிலோ எளிதாக வந்துவிடும். அந்த எடை பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிறது. பையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில், பின்னால் ஒருவரை நிறுத்திக்கொண்டு, மெதுவாக ஏறிப் பாருங்கள். தூக்குவது நின்றால் பையை இருக்கைக்கு அடியில் கட்டுங்கள், அல்லது மடியில் வையுங்கள். வேலை முடிந்தது.

பை இல்லாமலும் தூக்குகிறதா? முதுகுப் பலகை சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மதியம் சற்றுச் சாய்ந்து படுத்துவிட்டு அப்படியே கிளம்புகிறவர்கள் உண்டு. ஏற்றத்தில் முதுகுப் பலகை நிமிர்ந்திருக்க வேண்டும், உயர்த்தும் இருக்கை என்றால் கீழே இறங்கியிருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவரால் முடிந்தால் உடம்பை முன்னால் சாய்த்துக்கொள்ளட்டும். இடுப்புப் பட்டை போடாமல் இதைச் செய்யக் கூடாது.

கிளம்பும் நொடியில் மட்டும் தூக்குகிறதா? அப்படியென்றால் கோளாறு கையில் இருக்கிறது. பாதி ஏற்றத்தில் நின்று, ஜாய்ஸ்டிக்கை (வண்டியை ஓட்டும் கைக்குச்சி) ஒரேயடியாக முன்னால் தள்ளினால் எந்த வண்டியும் தூக்கும். ஏற்றத்தை அடிவாரத்திலிருந்தே நேராக, ஒரே சீரான வேகத்தில் பிடியுங்கள். நடுவில் நிற்க நேர்ந்தால் ஜாய்ஸ்டிக்கை விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். குறுக்காக ஏறினால் சரிவு குறையும் என்று சைக்கிள் ஓட்டியவர்கள் சொல்வார்கள். வீல்சேருக்கு அது பொருந்தாது. குறுக்காகப் போனால் முன்பக்கம் தூக்குவதற்குப் பதில் பக்கவாட்டில் கவிழும்.

இன்னும் தூக்குகிறதா? இப்போது சாய்தளத்தை அளக்கலாம். வாசல் தரையிலிருந்து எவ்வளவு உயரம் ஏறுகிறது, அதற்கு எவ்வளவு நீளம் கொடுத்திருக்கிறார்கள் என்ற இரண்டு அளவு போதும். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கட்டட விதிகள் சொல்லும் கணக்கு. அது 5 டிகிரிக்கும் சற்றுக் குறைவு. ஆனால் பல வீடுகளில் 3 படிகளை மூடி, சுமார் ஒன்றரை அடி உயரத்தை 7 அல்லது 8 அடிக்குள் முடித்துவிடுகிறார்கள். 10 டிகிரிக்கு மேல் போய்விடும். வண்டியோடு வந்த கையேட்டில் எத்தனை டிகிரி வரை ஏறலாம் என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் 6 முதல் 10 வரை. போனில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியைச் சாய்தளத்தின் மேல் வைத்தாலே டிகிரி தெரியும். சாய்தளம் அதற்கு மேல் என்றால் வண்டியைக் குறை சொல்ல வேண்டாம், கொத்தனாரைக் கூப்பிடுங்கள். இடம் பற்றவில்லை என்றால் நடுவில் ஒரு மேடை விட்டு எல் வடிவில் திருப்பிக் கட்டலாம். மேடை 5 அடிக்கு 5 அடி இருந்தால்தான் வண்டி நிம்மதியாகத் திரும்பும்.

வீட்டில் இருப்பதை இடித்துக் கட்டலாம். அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ இப்படி இருந்தால் "பார்த்துப் போங்க" என்பதோடு விட்டுவிடாதீர்கள். 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்கள் எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. அளந்த இரண்டு எண்களையும் ஒரு படத்தையும் இணைத்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள். "செங்குத்தாக இருக்கிறது" என்று எழுதுவதைவிட "18 அங்குல உயரத்துக்கு 8 அடி நீளம்" என்று எழுதினால் யாராலும் மறுக்க முடியாது.

கடைசியாக, பின்னால் இருக்கும் குட்டிச் சக்கரங்கள். கவிழாமல் தாங்குவதற்காகவே அவை இருக்கின்றன. நிலைப்படியில் இடிக்கிறது என்று கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து திரும்ப மாட்டுங்கள். இடிக்கிற நிலைப்படிக்கு ஒரு சிறு மரச்சரிவு செய்து போடுவது சில நூறு ரூபாய் வேலை.

இத்தனைக்குப் பிறகும் தூக்கினால் இருக்கையைச் சட்டத்தில் முன்னால் நகர்த்த வேண்டும், அல்லது கிளம்பும் வேகத்தைக் கன்ட்ரோலரில் குறைக்க வேண்டும். இரண்டும் கம்பெனி மெக்கானிக் செய்ய வேண்டியவை.

## பாதி ஏற்றத்தில் திணறி நிற்கிறது

வேகக் குமிழ் மிகக் குறைவில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குள் ஓட்ட வைத்த அளவிலேயே ஏறினால் சில வண்டிகள் திணறும். ஒரு புள்ளி கூட்டுங்கள்.

டயரை அமுக்கிப் பாருங்கள். காற்றடிக்கும் டயர் என்றால், எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும். பெட்ரோல் பங்கில் கண்ணளவில் அடிப்பதை நம்பாதீர்கள், சொந்தக் கருவியால் அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பேட்டரி. ஈய பேட்டரி வண்டிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும். இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, சார்ஜரைக் கழற்றி இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளங்கள். 12.7 வோல்ட் அல்லது சற்று மேலே காட்டினால் நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான் ஏறியிருக்கிறது. பிறகு வழக்கம்போல ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி அளங்கள். ஒன்று 12.4, இன்னொன்று 11.8 என்று பிரிந்து நின்றால் இரண்டாவது படுத்துவிட்டது. அப்போதும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதோடு புதியதை இணைத்தால் புதியதும் சீக்கிரம் போய்விடும். தங்கை வண்டியில் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒன்றை மட்டும் மாற்றி, ஆறு மாதத்தில் இரண்டையும் மறுபடி வாங்கினேன்.

பேட்டரியை மாற்றும் முன் முனைகளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தாலோ நட்டு லூசாக இருந்தாலோ சமதளத்தில் ஓடும் வண்டி ஏற்றத்தில் நிற்கும். ஸ்பேனர் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். லித்தியம் பேட்டரியின் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே வேண்டாம்.

பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் தானாகச் சரியாகிவிடுகிறதா? அப்படியானால் மோட்டாரோ கன்ட்ரோலரோ சூடேறித் தன்னைக் காத்துக்கொள்கிறது. நீண்ட பாலத்திலும் கடற்கரை மணலிலும் இது நடக்கும். மெரினாவில் 2022 நவம்பரில் திறந்த மரப்பாதையின் அருமை, மணலில் சக்கரம் புதைந்து சூடான வண்டியைத் தள்ளியவர்களுக்குத் தெரியும். சமதளத்திலேயே அடிக்கடி சூடானால் மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். கருகிய வாடை வந்தால் அதன் பிறகு ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வரவழையுங்கள்.

## நிறுத்திய பிறகும் சரிவில் உருள்கிறது

இந்த ஒரு புகாரில் மட்டும் "நாளைக்குப் பார்க்கலாம்" கிடையாது. சரியாகும் வரை அந்த வண்டி எந்தச் சரிவுக்கும் போகக் கூடாது.

ஜாய்ஸ்டிக்கை விட்டதும் ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் பின்வாங்கி, "டக்" என்ற சத்தத்தோடு நின்றால் அது சகஜம். பிரேக் பிடிக்கும் சத்தம் அது. தொடர்ந்து உருண்டால்தான் கோளாறு.

மோட்டாருக்குப் பக்கத்தில் இரண்டு லிவர்கள் இருக்கும். கிளட்ச் என்று சொல்வார்கள். வண்டியைக் கையால் தள்ளுவதற்காக மோட்டாரிலிருந்து சக்கரத்தை விடுவிப்பவை. அவற்றை விடுவித்தால் பிரேக்கும் சேர்ந்து போய்விடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ரயில் நிலையச் சரிவிலும் கோயில் வாசலிலும், வண்டி நின்றுவிட்டது என்று உதவிக்கு வருகிறவர் நல்ல மனதோடு லிவரைத் திருப்பிவிடுவார். ஆளும் வண்டியுமாகச் சேர்ந்து 120, 150 கிலோ இருக்கும், அதைச் சரிவில் ஒருவர் பிடித்து நிறுத்த முடியாது. சரிவில் நின்றுவிட்டால் லிவரைத் தொட விடாதீர்கள். இரண்டு மூன்று பேர் வந்து முன்னும் பின்னும் பிடித்துக்கொண்ட பிறகுதான் அது. "லிவரைத் தொடாதீங்க" என்று எழுதி வண்டியின் பின்னால் ஒட்டியிருக்கிறோம்.

சோதனை இது. சமதளத்தில், ஆள் இல்லாமல், சாவியை அணைத்து, இரண்டு லிவரும் முழுமையாக ஓட்டும் நிலையில் இருக்கட்டும். வண்டியைப் பலமாகத் தள்ளுங்கள். இரண்டு பெரிய சக்கரமும் அசையக் கூடாது. ஒன்று மட்டும் சுழன்றால் அந்தப் பக்கத்து லிவர் பாதியில் நிற்கிறதா என்று பார்த்து, முழுக்கத் தள்ளி, மறுபடி சோதியுங்கள். பிறகும் சுழன்றால் அந்த பிரேக் தேய்ந்திருக்கிறது, அல்லது உள்ளே எண்ணெய் இறங்கியிருக்கிறது. அதை வீட்டில் பிரிக்க வேண்டாம், நானும் பிரிப்பதில்லை. கம்பெனி மெக்கானிக்தான்.

ஓடும்போதே பிடிக்காமல் போனால்? ஜாய்ஸ்டிக்கை விடுங்கள். வேகம் குறையவில்லை என்றால் சாவியை அணையுங்கள். பிரேக் உடனே விழும், வண்டி வெடுக்கென்று நிற்கும், உடம்பு முன்னால் எறியப்படும். இடுப்புப் பட்டை அந்த ஒரு நொடிக்காகத்தான். சாதாரணமாக நிறுத்துவதற்குச் சாவியைப் பயன்படுத்தாதீர்கள்.

## இறங்கும்போது வெடுக்கென்று நின்று முன்னால் தள்ளுகிறது

எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள்.

சரிவு முடியும் இடத்தில் என்றால் கால்மிதி தரையில் இடிக்கிறது. சாக்பீஸைக் கால்மிதியின் அடியில் நன்றாகத் தேய்த்துவிட்டு, ஆள் இல்லாமல் ஒரு முறை இறக்கிப் பாருங்கள். தரையில் வெள்ளைக் கோடு விழுந்தால் அதுதான் காரணம். கால்மிதியை ஓர் அங்குலம் உயர்த்துங்கள். முழங்கால் மிகவும் மேலே போனால் உயர்த்துவதை விட்டுவிட்டு, சரிவின் அடியைச் சிமெண்ட் வைத்து இதமாக்குங்கள்.

சரிவின் நடுவில் என்றால் முதலில் வேகத்தைப் பாருங்கள். வேகமாக இறங்கி ஜாய்ஸ்டிக்கைச் சட்டென்று விட்டால் வண்டி அப்படித்தான் நிற்கும். குமிழை மிகக் குறைவில் வைத்து, முகம் முன்னால் பார்க்க, நேராக, முதுகைப் பலகையில் சாய்த்து இறங்குங்கள். பின்பக்கமாக இறங்குவது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இறங்கும்போது சட்டென்று நின்றால் வண்டி பின்னால் கவிழும், ஆள் தலை அடிபட விழுவார்.

மெதுவாக இறங்கியும் நின்று, கூடவே விளக்குகளும் மின்னினால் பேட்டரி இணைப்பு குலுக்கலில் விடுகிறது. எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணிக் குறித்துவையுங்கள். அந்த எண்ணுக்கு அர்த்தம் கையேட்டில் இருக்கும், மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். லித்தியம் வண்டியில், முழுச் சார்ஜ் ஏற்றிய கையோடு நீண்ட சரிவில் இறங்கும்போது மட்டும் இப்படி நடந்தால் வேறு காரணம்: இறங்கும்போது மோட்டார் பேட்டரிக்கே மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது, அங்கே வாங்க இடமில்லை. சமதளத்தில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு இறங்குங்கள்.

## நேராக விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது

தெருவில் மட்டும் இழுத்தால் வண்டியில் கோளாறு இல்லை. மழைநீர் வடிய ரோட்டின் ஓரம் சாய்ந்திருக்கும், வண்டி அந்தப் பக்கம்தான் போகும். டைல்ஸ் போட்ட கூடத்தில் ஒரு கோட்டைப் பிடித்து ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் இழுத்தால் இரண்டு டயரிலும் காற்று ஒரே அளவா என்று பாருங்கள். பிறகு சின்னச் சக்கரங்களைத் தூக்கிச் சுழற்றுங்கள். முடி, புடவை நூல், பூக்கட்டும் நார் எல்லாம் அச்சில் சுற்றி இறுகியிருக்கும். கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். பெண்கள் இருக்கும் வீடு என்றால் இதை மாதம் ஒரு முறை செய்ய வேண்டியிருக்கும்.

ஜாய்ஸ்டிக் பெட்டியே கைப்பிடியில் கொஞ்சம் திரும்பி நிற்கும். முன்னால் தள்ளுகிறோம் என்று நினைத்துச் சாய்வாகத் தள்ளுவார்கள். இரண்டு ஸ்க்ரூ, ஐந்து நிமிட வேலை.

எதுவும் இல்லையா? பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இரண்டு மோட்டார்களுக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் பிரேக் முழுதாக விடவில்லை, அல்லது பிரஷ் தேய்ந்திருக்கிறது. மெக்கானிக்கிடம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுங்கள், வேலை பாதியாகிவிடும்.

## மூலையில் திரும்பும்போது கதவு நிலையில் இடிக்கிறது

ஓட்டுகிறவருக்குக் கவனம் போதவில்லை என்று வீட்டில் திட்டு விழும். கவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரிய சக்கரம் எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றித்தான் வண்டி திரும்பும். அதற்கேற்ற இடத்தில் திருப்பத்தைத் தொடங்க வேண்டும்.

பெரிய சக்கரம் பின்னால்: மூலையைத் தாண்டி முன்னால் போங்கள். பின்சக்கரம் மூலைக்கு நேராக வந்த பிறகு திருப்புங்கள். முன்கூட்டியே திருப்பினால் உள்பக்கச் சக்கரம் நிலையில் ஏறும். கால்மிதி வெளிப்பக்கம் அகலமாக வீசும் என்பதால் எதிர்ச் சுவரிலிருந்து தள்ளியே போங்கள்.

நடுவில்: உங்கள் இடுப்பு மூலைக்கு நேராக வந்ததும் திருப்புங்கள். முன்னால் கால் வீசுவது போலவே பின்னாலும் வீசும். பின்னால் நடந்து வருகிறவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

முன்னால்: மூலைக்கு ஒட்டினாற்போல வந்து உடனே திருப்பலாம். ஆனால் முதுகுப்பக்கம் நீளமாக வீசும். இடிப்பது பின்பக்கமாகவே இருக்கும்.

தங்கைக்கு நாங்கள் செய்தது, தரையில் கலர் டேப் ஒட்டியது. ஜாய்ஸ்டிக் அந்தக் கோட்டுக்கு வந்தால் திருப்பலாம் என்று கணக்கு. மூன்று வாரத்தில் டேப்பைப் பிய்த்துவிட்டோம், கைக்கே பழகிவிட்டது.

பழகியும் இடித்தால் அளந்து பாருங்கள். பழைய வீடுகளில் உள்கதவு இரண்டரை அடிதான் இருக்கும். வண்டியே இரண்டு அடிக்கு மேல். கதவைக் கீலிலிருந்து கழற்றித் திரை போட்டால் ஓர் அங்குலம் ஒன்றரை அங்குலம் கிடைக்கும். அதுவும் போதவில்லை என்றால் ஆசாரியைக் கூப்பிட்டு நிலையை அகலப்படுத்துவதுதான் வழி.

இதில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். தண்டுவடம் பாதித்தவர்களுக்கும் நீண்டகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்கும் காலில் உணர்ச்சி குறைந்தோ இல்லாமலோ இருக்கலாம். மூலையில் முதலில் இடிப்பது கால்விரல். வலிக்காததால் யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு நாள் மாலையும் பாதத்தையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். தோல் கிழிந்திருந்தாலோ கறுத்திருந்தாலோ மெக்கானிக்குக்கு முன்னால் டாக்டரிடம் போங்கள்.

## வேகமாகத் திரும்பும்போது ஒரு பக்கம் சாய்கிறது

வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பினால் பெரும்பாலும் சரியாகும். முன்னால் பெரிய சக்கரம் உள்ள வண்டிகள் வேகத்தில் வால் வீசும், அவற்றுக்கு இன்னும் நிதானம் தேவை. இருக்கை உயர்ந்திருந்தால் இறக்குங்கள். ஒரு டயரில் மட்டும் காற்று குறைந்திருந்தால் அந்தப் பக்கம் சாயும். சாய்தளத்தின் நடுவில் திரும்பவே கூடாது. மேலே அல்லது கீழே மட்டமான இடம் வந்த பிறகுதான்.

கை நடுக்கம் உள்ளவர்களுக்கு எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஜாய்ஸ்டிக் சட்டென்று திரும்பிவிடும். அவர்களுக்குத் திரும்பும் வேகத்தை மட்டும் தனியாகக் குறைத்துத் தர கன்ட்ரோலரில் வசதி உண்டு. மெக்கானிக் தன் கையில் உள்ள கருவியை இணைத்துச் செய்வார். வீட்டுக்கு ஒரு அமைப்பு, தெருவுக்கு ஒரு அமைப்பு என்று இரண்டாகக் கேளுங்கள். பல வண்டிகளில் முடியும், நாம் கேட்காததால்தான் யாரும் சொல்வதில்லை.

## மழையில் சக்கரம் வழுக்குகிறது

டயரில் வரி தேய்ந்து மழமழவென்று இருந்தால் மாற்றுங்கள். வரி நன்றாக இருந்தும் வழுக்கினால் தரைதான் காரணம். வழவழப்பான டைல்ஸும், புள்ளி போட்ட இரும்புத் தகடும் நனைந்தால் வழுக்கும். சிமெண்டில் குறுக்கே கோடு கீறச் சொல்லுங்கள், அல்லது மணல் கலந்த பெயின்ட் அடியுங்கள். காலையில் வாசல் தெளித்த ஈரத்தில் இறங்க வேண்டாம், காயட்டும். நனைந்து வந்தால் ஜாய்ஸ்டிக்கின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி வண்டி தானாக நகரக்கூடும். அன்றைக்கு மட்டும் பாலிதீன் கவர் கட்டி ஓட்டலாம், மறுநாள் உறையை மாற்றிவிடுங்கள். ஒருமுறையாவது தானாக நகர்ந்திருந்தால் சாவியை அணைத்து, சரி பார்த்துத் தரும் வரை யாரையும் உட்கார வைக்காதீர்கள்.